சர்வரைக் காத்திருக்க வைத்த தெரசா

அம்பத்தூரில் எழுபது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது தெரசாவின் குரலைத்தான். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். எலும்பு டாக்டர் இன்றைக்கு வருவாரா, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரணுமா, மூன்றாவது மாடியில் இருக்கும் மாமியாரிடம் பேச முடியுமா என்று எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும். நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் எண்களும் அவளுக்கு மனப்பாடம்.

தெரசாவுக்குக் கண் தெரியாது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஆவடியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சியும் எடுத்து, இருபத்துமூன்று வயதில் இந்த வேலைக்கு வந்தாள். வீடு முத்தாபுதுப்பேட்டை. கணவன் ஜெயபாலுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. காலையில் அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் அவன் கம்பெனிக்குப் போவான். மகள் பெனிஷா பத்தாவது படிக்கிறாள்.

போன ஜூன் மாதம் நிர்வாக அதிகாரி ராமன், தெரசாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டே பேசுவார். அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"பழைய டெலிபோன் போர்டைத் தூக்கிட்டு சர்வர்னு ஒரு கம்ப்யூட்டர் வைக்கப்போறோம், தெரசா. எல்லா போனும் நெட்வொர்க்லயே ஓடும். கூப்பிடறவங்களுக்கு ரெக்கார்டிங்கே பதில் சொல்லிடும். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு. உங்களை மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்கு மாத்தலாமான்னு யோசிக்கிறோம்."

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்பது முழுக்கக் காகிதம். அங்கே தனக்கு ஒரு நாற்காலி இருக்கும், வேலை இருக்காது என்று தெரசாவுக்கு உடனே புரிந்தது. "சார், புது மிஷினை வைக்கும்போது நான் பக்கத்துல இருக்கலாமா? எந்த எண் எங்க போகணும்னு சொல்லவாவது ஆள் வேணும்ல?" என்று கேட்டாள். ராமன் சரி என்றார்.

சர்வரை வைக்க வந்தவன் நிர்மல். இருபத்தேழு வயது, அம்பாசமுத்திரத்துப் பையன். முகப்பேரில் மூன்று நண்பர்களோடு ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்தான். முதல் நாள் அவன் தெரசாவின் கம்ப்யூட்டரில் சர்வரின் பக்கத்தைத் திறந்து வைத்தான். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அவளிடம் உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். "பட்டன். பட்டன். கிராஃபிக். பட்டன்" என்றது அந்தக் குரல். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"தம்பி, இதுல பேரே இல்லாத பட்டன் பதினாலு இருக்கு. எது எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நிர்மலுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பக்கம் அழகாக இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் ராமனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். "சாரி மேடம். இதை யாரும் இப்படி யோசிச்சுச் செய்யல. நான் செட் பண்ணிடறேன், நீங்க சும்மா உக்காந்திருங்க."

"வேற வழியே இல்லையா?"

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். "ஒண்ணு இருக்கு. இந்தப் பட்டனுக்கெல்லாம் பின்னாடி வெறும் எழுத்துல ஒரு ஃபைல் இருக்கும், கான்ஃபிக் ஃபைல்னு பேரு. சர்வர் எழுந்திருக்கும்போது முதல் வேலையா அதைத்தான் படிக்கும். எந்த நெட்வொர்க் முகவரியில காது கொடுக்கணும், எத்தனை கால் எடுக்கணும், எந்த எண் எந்த ரூம்னு எல்லாம் அதுல இருக்கும். ஆனா அது கறுப்பு ஸ்கிரீன்ல வரும் மேடம், வெறும் எழுத்து. யாருக்கும் பிடிக்காது."

"திறங்க தம்பி."

அவன் திறந்தான். தெரசா கீழ்நோக்கும் விசையை ஒருமுறை அழுத்தினாள். ஒரு வரி கேட்டது. இன்னொருமுறை அழுத்தினாள், அடுத்த வரி. மேக்ஸ் கால்ஸ் ஈக்வல்ஸ் தர்ட்டி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் இருந்தது, ஈக்வல்ஸ் இருந்தது, ஒரு மதிப்பு இருந்தது. ஒளிந்துகொண்டு எதுவுமில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பெட்டி எதையும் அவளிடம் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. விசையை அழுத்தி அழுத்தி அறுபது வரியும் கேட்டு முடித்தாள். பிறகு மேலே போய் மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.

"ஒரே நேரத்துல முப்பது கால்தானா?" என்று கேட்டாள்.

"எழுபது படுக்கைக்கு அது போதும் மேடம்."

"திங்கக்கிழமை காலையில பத்து மணிக்குப் போதாது. நாற்பத்தஞ்சு போடுங்க. இல்ல இருங்க, நானே போடறேன்."

அவளே போட்டாள். விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து நிர்மல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன்களை ஏற்ற அவன் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தான். தெரசா எந்தப் பட்டியலையும் பார்க்காமல் ஒன்றரை நாளில் ஏற்றி முடித்தாள். ஐசியுவிலிருந்து அவசர எண்ணை அழுத்தினால் எந்த ஐந்து போன்கள் சேர்ந்து அடிக்க வேண்டும் என்பதையும் அவளே எழுதினாள். இரண்டாவது நாள் மதியம் அவன் மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். ராமனிடம் பேசி, சர்வருக்குள் நுழைய அவளுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மாலை ஜெயபாலின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆவடி வரைக்கும் தெரசா பேச்சை நிறுத்தவில்லை.

"இன்னாம்மா இது, கல்யாணத்தன்னிக்குக் கூட நீ இவ்ளோ பேசலியே" என்றான் ஜெயபால்.

"அன்னிக்குப் பேச விஷயம் இல்ல" என்றாள் தெரசா.

ஐந்து மாதம் ஓடியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்ற ரெக்கார்டிங்கை நோயாளிகள் யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. எல்லோரும் பூஜ்யத்தை அழுத்தித் தெரசாவிடமே வந்தார்கள். ஆனாலும் ரெக்கார்ட்ஸுக்கு மாற்றுவது பற்றி ராமன் முடிவாக எதுவும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. சர்வருக்குத் துணையாக இருந்த யூபிஎஸ்ஸில் பேட்டரி வீங்கிவிட்டதென்று எலெக்ட்ரீஷியன் பச்சையப்பன் அதைக் கழற்றி வைத்திருந்தார். புதுப் பேட்டரி மறுநாள்தான் வரும். பத்தே கால் மணிக்குக் கரண்ட் போனது. இருபது வினாடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, ஃபேன்கள் சுற்றின. தெரசா போனை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தாள். அப்போதும் இல்லை.

பச்சையப்பன் மாடிகளைச் சுற்றிவிட்டு வந்தார். "தெரசாம்மா, ஒரு மாடி வுடாம எல்லா போனும் செத்துக் கெடக்குது. சர்வர்ல லைட் எரியுது, ஃபேன் சுத்திகினுதான் கீது. இன்னா ஆச்சுன்னே புரியல."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம். ஐசியு நர்ஸ் ரேஷ்மா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "அக்கா, மூணாவது பெட்ல பிரஷர் இறங்குது. டாக்டருக்கு எந்த போனும் போகல. எங்க செல்லெல்லாம் லாக்கர்ல இருக்கு." தெரசா தன் செல்லில் டாக்டரின் எண்ணை அழுத்தி விவரம் சொன்னாள். டாக்டர் இரண்டு நிமிடத்தில் ஐசியுவில் இருந்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரேஷ்மாவின் அந்த மூச்சிரைப்பு தெரசாவின் காதிலேயே நின்றது.

அவள் நிர்மலை அழைத்தாள். அவன் அம்பாசமுத்திரத்தில் தங்கையின் கல்யாணத்தில் இருந்தான். நாதஸ்வரத்துக்கு நடுவே கத்திப் பேசினான். "அக்கா, அந்த போன் புரோகிராமை மட்டும் ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. நான் ராத்திரி பஸ் ஏறி நாளைக்கு வந்துடறேன். இப்ப தாலி கட்டப்போறாங்கக்கா."

"நீங்க போங்க தம்பி" என்று வைத்துவிட்டாள்.

அவன் சொன்னபடி செய்தாள். போன்கள் உயிர்பெற்றன. பதினொன்றரைக்கு மறுபடி கரண்ட் போனது, மறுபடி எல்லாம் செத்தன. மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி உயிர். பச்சையப்பனும் ராமனும் அப்பாடா என்று நகர்ந்தார்கள். தெரசா நகரவில்லை. கையால் எழுப்பினால் எழுகிறது, தானாக எழும்போது மட்டும் ஏன் விழுகிறது? இந்தக் கேள்வி வந்தவுடன் அவளுக்குப் பசி போய்விட்டது. ஹெட்போனை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

சர்வர் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு ஒரு ஃபைலில் குறித்து வைக்கும். அதை வரிவரியாகக் கேட்டாள். கரண்ட் வந்த நாற்பதாவது வினாடி சர்வர் எழுந்திருக்கிறது. நெட்வொர்க்குக்காக முப்பது வினாடி காத்திருக்கிறது. நெட்வொர்க் வரவில்லை. சரி என்று போன் புரோகிராமைக் கிளப்பிவிட்டது. புரோகிராம் தன் முகவரியைத் தேடி, கிடைக்காமல், அப்படியே படுத்துவிட்டது.

"பச்சையப்பண்ணே, எல்லா வயரும் வந்து சேருமே, அந்த நெட்வொர்க் பெட்டி, அது கரண்ட் வந்தா எவ்ளோ நேரத்துல ரெடியாகும்?"

"அது சோம்பேறிம்மா. ரெண்டு நிமிசத்துக்கு மேல ஆவும். பச்ச லைட் வரதுக்குள்ள நான் ஒரு டீயே குடிச்சிருவேன்."

தெரசா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். அவ்வளவுதான் விஷயம். முகவரி கொடுக்க வேண்டிய பெட்டி இன்னும் கண் விழிக்கவில்லை, சர்வர் அவசரப்பட்டு ஓடி முட்டிக்கொண்டு விழுகிறது. அந்த முப்பதை மாற்றினால் போதும்.

முதலில் கான்ஃபிக் ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து வேறு பெயரில் வைத்தாள். பிறகு ராமனின் அறைக்குப் போனாள்.

"பேட்டரிதான் நாளைக்கு வந்துடுமே" என்றார் அவர்.

"இந்த பேட்டரியும் ஒருநாள் வீங்கும் சார். அன்னிக்கும் ரேஷ்மா மாடிப்படியில ஓடணுமா? முப்பது வினாடிக்குப் பதிலா நூத்தெண்பது வரைக்கும் காத்திருன்னு எழுதணும். நெட்வொர்க் முன்னாடியே வந்துட்டா உடனே கிளம்பிடும். சும்மா உக்காந்திருக்காது. பழைய ஃபைல் பத்திரமா இருக்கு, தப்பா போனா அரை நிமிஷத்துல திரும்பப் போட்டுடுவேன். ஆனா சரியா இருக்கான்னு பாக்க, நாமளே ஒருதடவை கரண்டை நிறுத்தணும்."

பேனா மேஜையில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. "மூணு மணிக்குச் செய்யுங்க. சர்வர் ரூம் சுவிட்ச் மட்டும். வார்டுக்கெல்லாம் நான் சொல்லிடறேன். ஐசியு வாசல்ல ஒருத்தர் செல்லோட நிக்கட்டும்."

மூன்று மணி. பச்சையப்பன் சுவிட்சை இறக்கி, பத்து எண்ணி, ஏற்றினார். தெரசாவின் கைக்கடிகாரம் பேசும் கடிகாரம். அதை விடாமல் அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் பத்து வினாடி தாண்டியதும் அவள் காதில் வைத்திருந்த போனில் டயல் டோன் வந்துவிட்டது. அடுத்த நொடியே ஐசியுவிலிருந்து ரேஷ்மா அடித்தாள். "அக்கா, வந்துடுச்சு." ரேடியாலஜி அடித்தது. மருந்தகம் அடித்தது. ராமன் தன் அறையிலிருந்து அடித்து, "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

தெரசா தன் செல்லிலிருந்து மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். இணைப்பு இல்லை என்றது. காத்திருந்தாள். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். வெளியிலிருந்து எந்த அழைப்பும் உள்ளே வரவில்லை.

"பாதி கெணறு தாண்டிட்டோம்மா" என்றார் பச்சையப்பன்.

"மீதியையும் தாண்டிடுவோம். வெளி லைன் கொண்டுவர்ற மோடம் எவ்ளோ நேரம் எடுக்குது?"

"அது அதவிட சோம்பேறி. அஞ்சு நிமிசம் வச்சுக்கோயேன்."

தெரசா மறுபடி ஃபைலுக்குள் போனாள். இந்தமுறை ஸ்கிரீன் ரீடரை ஒரு புள்ளி, கோடு விடாமல் எல்லாக் குறிகளையும் வாசிக்கச் சொல்லி மாற்றினாள். குரல் இழுத்து இழுத்துப் படித்தது. வெளி லைன் பகுதியில் ஒரு வரி, "செமி, மேக்ஸ் ரீட்ரைஸ் ஈக்வல்ஸ் ஜீரோ" என்று ஆரம்பித்தது. அவள் விரல் நின்றது. செமிகோலன். வரியின் தலையில் அது இருந்தால் சர்வர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது என்று நிர்மல் ஜூனிலேயே சொல்லியிருக்கிறான். இத்தனை நாளும் அவள் கேட்டது அந்தக் குறியை விழுங்கிவிட்டுப் படித்த குரலை. இந்த வரி தூங்கிக்கொண்டிருக்கிறது.

தூங்கும் வரிக்குப் பதில் சர்வர் எதைப் பின்பற்றும்? மேலே இருந்த விளக்கக் குறிப்பைக் கேட்டாள். எழுதாமல் விட்டால் பத்து முறை முயற்சி, பிறகு கைவிடும். பூஜ்யம் என்று எழுதினால் லைன் கிடைக்கும்வரை விடாமல் முயற்சி. பூஜ்யம் என்றால் முயற்சியே வேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அது நேர் எதிர். குறிப்பை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பத்து வினாடிக்கு ஒருமுறை பத்துத் தடவை தட்டிவிட்டுச் சர்வர் ஓய்ந்துபோகிறது. அதற்கப்புறம் ஒரு நிமிடம் கழித்துத்தான் மோடம் விழிக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா, கெடச்சிச்சா?"

"ஒரே ஒரு செமிகோலன் அண்ணே. அதை எடுத்தாப் போதும்."

"அது இன்னா சைஸ் இருக்கும்?"

"ஒரு புள்ளி, அதுக்குக் கீழ ஒரு வால்."

பச்சையப்பன் சுவிட்ச் பக்கம் நடந்தார். தெரசா அந்த எழுத்தை அழித்து, சேமித்து, வரியை மறுபடி கேட்டாள். செமி இல்லை. ராமனுக்குச் சொல்லிவிட்டு இரண்டாவது முறை கரண்டை நிறுத்தினார்கள்.

இந்தமுறை ராமனும் வந்து அவள் மேஜையருகே நின்றார். இரண்டு நிமிடம் பத்து வினாடி, உள் போன்கள் வந்துவிட்டன. மூன்று நிமிடம். நான்கு. ஐந்து. ஐந்தேகால் நிமிடத்தில், அவள் செல்லை எடுத்து எண்ணை அழுத்துவதற்குள், மேஜை போன் தானே அடித்தது. வெளி அழைப்புக்கான நீண்ட மணி.

"வணக்கம், சொல்லுங்க."

"திருவேற்காட்டுலருந்து பேசறேம்மா" என்றது ஒரு பெண் குரல். "எவ்ளோ நேரமா ட்ரை பண்றேன். நாளைக்கு எலும்பு டாக்டர் இருக்காரா?"

"இருக்காரும்மா. பத்து மணியிலிருந்து ஒண்ணு வரைக்கும். எக்ஸ்ரே இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க" என்றாள் தெரசா. பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான முறை சொன்ன பதில்தான். ஆனாலும் அன்றைக்கு, வைத்த பிறகும் ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

ராமன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "ரெக்கார்ட்ஸ் பேச்சை விட்டுடுவோம் தெரசா. இந்த சர்வருக்கு நீங்கதான் பொறுப்புன்னு ஆர்டர் போடறேன். நாளைக்கு அந்தப் பையன் வந்தா என்ன மாத்தினீங்கன்னு அவனுக்குச் சொல்லிடுங்க."

மறுநாள் கல்யாண வீட்டு அதிரசப் பொட்டலத்தோடு நிர்மல் வந்து இரண்டு வரியையும் பார்த்தான். "செமிகோலனை நான்தான் எடுக்காம விட்டிருக்கேன்க்கா. எங்க ஆபீஸ்ல இருக்கறது பெரிய யூபிஎஸ், கரண்ட் போறதே தெரியாது. அதனால இது கண்ணுலயே படல" என்றான். அந்த வாரமே தன் கம்பெனி சர்வர் வைத்திருந்த மற்ற ஆறு இடங்களிலும் அதே இரண்டு வரியைத் திருத்தினான். பெயரில்லாத அந்தப் பதினாலு பட்டனுக்கும் பெயர் போடச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினான். அதில் ஒன்பதுக்குத்தான் இதுவரை பெயர் வந்திருக்கிறது.

பிப்ரவரியில் மருத்துவமனை பூந்தமல்லியில் முப்பது படுக்கையோடு ஒரு கிளை திறந்தது. அங்கே சர்வரைத் தொடங்கி வைக்கத் தெரசாவையே அனுப்பினார்கள். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, கைத்தடியால் படிகளை எண்ணி ஏறி, புது பெயிண்ட் வாசனை அடிக்கும் அறையில் உட்கார்ந்தாள். முதல் வேலையாக அந்த ஊர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று முறை மெயினை இறக்கி ஏற்றச் சொன்னாள். எந்தப் பெட்டி எத்தனை வினாடியில் விழிக்கிறது என்று கடிகாரத்தை அழுத்தி அளந்துகொண்டாள். இங்கே நெட்வொர்க் பெட்டிக்கு நாலு நிமிடம் ஆனது. அதனால் காத்திருப்பை முந்நூறு என்று எழுதினாள். எக்ஸ்டென்ஷன் எண்களை எழுதும்போதே ஒவ்வொன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டாள். மாலைக்குள் ஃபைல் முடிந்தது, போன்கள் முதல் முறையிலேயே எழுந்தன.

உடனே நிர்மலை அழைத்தாள்.

"தம்பி, இந்த பூந்தமல்லி சர்வரும் அம்பத்தூர் சர்வரும் ஒண்ணோட ஒண்ணு பேசுமாமே? இங்கேர்ந்து மூணு நம்பர் அழுத்தினா அங்க ஐசியுவுல அடிக்குமா?"

"அடிக்கும்க்கா. அதுக்கு வேற ஒரு ஃபைல் இருக்கு. கொஞ்சம் பெருசு. அடுத்த வாரம் வந்து..."

"ஃபைல் பேரை மட்டும் சொல்லுங்க" என்றாள் தெரசா. ஹெட்போன் இன்னும் அவள் தலையில்தான் இருந்தது.